கடல் ஒன்றும் பந்தயக் குளமில்லை

கடல் கயாக் வகுப்புகளில் இன்று ஒரே மந்திரம்தான் ஓதப்படுகிறது. துடுப்பை நிமிர்த்திப் பிடி. மேல்கை கண் மட்டத்துக்கு வரட்டும். முழங்கையை மடக்காதே. கைகளை மறந்துவிட்டு உடம்பைத் திருப்பு. சந்தேகம் வந்தால் ஒலிம்பிக் பந்தயக் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்து, அதே மாதிரி செய். பிரிட்டனோ அமெரிக்காவோ, வாரக்கடைசிப் பயிற்சிகளின் சாரம் பெரும்பாலும் இதுவே. நீண்ட துடுப்பைத் தாழ்வாகப் பிடித்து நிதானமாக வலித்து வருகிறவரைக் கண்டால் பயிற்றுநரின் முகத்தில் ஓர் இரக்கம் படரும். பாவம், இவருக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை என்று அதற்குப் பொருள்.

அந்த இரக்கத்தை அவர் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். பந்தயக்காரரின் வீச்சை வேகம் குறைத்துச் செய்தால் அதுவே கடல் வீச்சு என்கிற இந்த நம்பிக்கை படகைப் பார்க்கவில்லை, இருக்கையைப் பார்க்கவில்லை, காற்றைப் பார்க்கவில்லை. ஐந்தாவது மணி நேரத்தில் தோள் என்ன சொல்லும் என்று கேட்கவும் இல்லை.

இந்தக் கட்சி வளர்ந்ததற்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. கடல் கயாக் பயிற்சியில் நீண்டகாலம் கவிழ்ந்தால் உருண்டு எழுவது, அலைமேல் சாய்ந்து தாங்குவது, ஒருவரை ஒருவர் மீட்பது ஆகியவற்றுக்குத்தான் மரியாதை. முன்னால் போவது தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் 30 கிலோமீட்டர் போக ஐந்து மணி நேரம் ஆகும். நிமிடத்துக்கு 60 வீச்சு என்றால் அந்த ஒரு நாளில் 18,000 வீச்சு. உருண்டு எழும் வித்தை அன்றைக்கு ஒரு தடவைகூடத் தேவைப்படாமல் போகலாம். இந்த அலட்சியத்தைத் திருத்த முன்வந்தவர்கள் பந்தயத்திலிருந்து வந்தார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கயாக்கில் இரண்டு தங்கம் வென்ற அமெரிக்கர் கிரெக் பார்ட்டன் அவர்களில் முக்கியமானவர். தோளுக்கும் முழங்கைக்கும் மட்டும் வேலை கொடுக்காதே, இடுப்பிலிருந்து திருப்பு என்று அவர்கள் சொன்னது சரி. அது இன்றும் சரிதான். ஆனால் அந்த ஒரு நல்ல செய்தியோடு பந்தயத்தின் முழு மூட்டை முடிச்சும் கடற்கரையில் வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்து எடுக்க யாருக்கும் பொறுமை இல்லை.

முதலில் படகைப் பார்ப்போம். ஒருவர் செலுத்தும் பந்தயக் கயாக்கின் நீளம் அதிகபட்சம் 520 சென்டிமீட்டர், எடை குறைந்தபட்சம் 12 கிலோ. அகலத்துக்கு இருந்த பழைய கட்டுப்பாடு நீங்கியபின் அது 40 சென்டிமீட்டர் சொச்சத்துக்கு ஒடுங்கிவிட்டது. இருக்கை உயரமானது. முழங்கால்கள் இரண்டும் நடுவில் அடுத்தடுத்து நிற்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கால் நீள, மறுகால் மடங்க, இடுப்பே இருக்கைமேல் திரும்பும். பாதத்துக்கு அசையாத பலகை, மேலே பாதத்தைப் பிடித்துக்கொள்ளப் பட்டை. பார்க்கிற எவருக்கும் ஆசையூட்டும் அந்த முழு உடல் திருப்பம் இத்தனை ஏற்பாடுகளின் விளைவு.

கடல் கயாக்கில் இவற்றில் எதுவுமே இல்லை. அகலம் 55 சென்டிமீட்டர் அளவில், மேல்தளம் உயரமாக இருக்கும். அலையில் படகு நிலைகொள்ள வேண்டும் என்பதற்காக இருக்கை அடித்தட்டை ஒட்டியே கிடக்கும். தொடைகள் இரண்டும் அகன்று, தளத்தின் அடியில் முட்டுக்கொடுத்து இறுகியிருக்கும். அப்படி இறுகினால்தான் படகை ஒரு பக்கம் சாய்த்து வைக்கவும் கவிழ்ந்தால் எழவும் முடியும். ஆகவே இங்கே இடுப்பு ஓரளவுக்குத்தான் திரும்பும். திருப்பத்தின் பெரும்பகுதி முதுகெலும்பின் மேற்பாதியில் நடந்தாக வேண்டும். பந்தயக்காரர் அளவுக்குத் திரும்பு என்று இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவரை அதட்டினால் அவர் என்ன செய்வார்? இடுப்பு மறுப்பதை முதுகின் கீழ்ப்பகுதியைக் கொண்டு முறுக்கி எடுப்பார். மறுநாள் காலை கூடாரத்திலிருந்து எழும்போது அந்த முறுக்கல் பதில் சொல்லும்.

உயரக் கணக்கும் இப்படியே. தாழ்ந்த இருக்கையில் அமர்ந்தவர், அகலமான தளத்தைத் தாண்டிக் கைநீட்டித் துடுப்பை நிமிர்த்த வேண்டுமானால், மேல்கையைப் பந்தயக்காரரைவிடவும் உயரத் தூக்க வேண்டும். ஆறடி ஆளுக்கு இது சிரமம், அவ்வளவுதான். ஐந்தடி இரண்டு அங்குலப் பெண்ணுக்கு இது தண்டனை. நிமிர்ந்த வீச்சை விளக்கும் படங்களில் எப்போதும் நெடிய மனிதர்களே இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

வேகத்தின் கதை இன்னும் சுவையானது. படகு தானே எழுப்பும் அலையைத் தாண்டிப் போகத் திணறும் ஓர் எல்லை உண்டு. வில்லியம் ஃபிரூட் 19-ஆம் நூற்றாண்டில் மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் இழுத்துப் பார்த்து அலைத்தடையை ஆராய்ந்ததன் வழியில் வந்த கணக்கு இது. நீர்க்கோட்டின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நாலரையால் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அந்த எல்லை தோராயமாகக் கிடைக்கும். நீர்க்கோடு 4.6 மீட்டர் உள்ள கடல் கயாக்குக்கு அது ஒன்பதரைக்குச் சற்று மேல். நாள் முழுக்கப் பயணம் போகிறவர் 6-ஐ ஒட்டியே போகிறார். எல்லையின் பக்கமே போவதில்லை. பந்தயக் கயாக்குக்கு இதே கணக்கில் 10 சொச்சம் வரும். ஆனால் 1,000 மீட்டரை மூன்றரை நிமிடத்துக்குள் முடிக்கிற வீரர் மணிக்கு 17, 18 கிலோமீட்டரில் பறக்கிறார். ஊசிபோல் ஒடுங்கிய படகும் அசாத்தியமான உடல் வலுவும் சேர்ந்து அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு போகின்றன. அவருடைய வீச்சு சுவரை உடைப்பதற்காகச் செதுக்கப்பட்டது. சுவருக்கு வெகு முன்னாலேயே நடந்துகொண்டிருக்கிறவருக்கு அந்த உளி எதற்கு?

நீரின் தடை வேகத்தின் இருமடியாகக் கூடும் என்றால், ஒவ்வொரு நொடியும் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய மும்மடியாகக் கூடும். 6-லிருந்து 7-க்குப் போக ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல் உழைப்பு. எனவே கடலில் வீச்சைச் சீர்படுத்துவது என்றால், உச்ச வேகத்தை ஏற்றுவது என்று கொள்ளக் கூடாது. அதே 6-ஐக் குறைந்த செலவில், நீண்ட நேரம், மாறும் நிலைமைகளில் பிடித்துவைத்திருப்பதே காரியம். இந்த இரண்டையும் ஒன்றென்று குழப்பியதில்தான் மற்றத் தவறுகள் எல்லாம் பிறந்தன.

நிமிர்ந்த வீச்சுக்காகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது ஒன்று. துடுப்பின் அலகு படகை ஒட்டிப் போனால் விசை முழுதும் முன்னோக்கிச் செல்லும். தள்ளிப் போனால் படகின் அணியம் இடமும் வலமுமாக ஆடும். ஆட்டம் எல்லாம் வீண். கண்ணாடி போன்ற நீரில், ஒடுங்கிய படகில் இது உண்மை. ஆனால் ஐந்து மீட்டர் நீளக் கடல் கயாக், குறிப்பாகச் சுமை ஏற்றியபின், அவ்வளவு எளிதில் ஆடுவதில்லை. ஓரிரு பாகை ஆடினாலும் அடுத்த வீச்சு அதை நேராக்கிவிடும். ஆட்டத்தால் போவதைவிட, அலகு நீரில் வழுக்குவதால் போவதுதான் அதிகம். அதைப் பிறகு பார்க்கலாம்.

அதற்கு முன் பக்கக்காற்றைக் கவனியுங்கள். பெரும்பாலான கடல் கயாக்குகள் ஓடும்போது பக்கக்காற்று அடித்தால் அணியத்தைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொள்ளும். அதைத் தடுக்கப் படகின் பின்புறம் அடியில் ஒரு சிறு தகட்டை நீருக்குள் இறக்கலாம். அது சிக்கிக்கொண்டாலோ போதாவிட்டாலோ, காற்று வரும் பக்கத்தில் துடுப்பைத் தாழ்த்தி, அகல வளைத்து வலிக்க வேண்டும். மறுபக்கம் குட்டையாக முடித்துக்கொள்ள வேண்டும். அதாவது வகுப்பில் எந்தக் குற்றத்துக்காகத் தலையில் குட்டினார்களோ அதே அகன்ற வீச்சுதான் இங்கே சுக்கான். இடமும் வலமும் அச்சடித்த மாதிரி ஒரே வீச்சு வேண்டும் என்பது ஒன்பது நேர் தடங்களும் கயிற்றில் கட்டிய மிதவைகளும் உள்ள இடத்தின் சட்டம். கடலில் ஒரு மணி நேரம் முழுக்க இரண்டு கைகளும் இரண்டு விதமாக வேலை செய்யும் நாட்கள் உண்டு.

காற்றுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது: கடல் மட்டத்தை ஒட்டி அது மெலிந்திருக்கும், மேலே போகப் போக வலுக்கும். நிமிர்ந்த வீச்சில் நீருக்கு வெளியே இருக்கும் அலகு தலைக்கு மேலே கொடி மாதிரி நிற்கும். எழுநூறு சதுர சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு தகடு. பக்கத்திலிருந்து 20 நாட் காற்று வீசும்போது அதைக் கையில் பிடித்திருப்பவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. கையைத் தாழ்த்தியவருக்கு அந்தப் போராட்டம் பாதியாகும். அலை தள்ளினால் அவருடைய அலகு நீரைத் தொட்டுத் தாங்கவும் அங்கேயே அருகில் இருக்கும். பந்தயக் குளத்தில் காற்று மிகுந்தால் போட்டியைத் தள்ளிவைப்பார்கள். கடலில் யார் தள்ளிவைப்பது?

இங்கே ஒரு முரண்பாட்டைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அலை உடையும் கரையில் பயிற்சி தரும்போது இதே பயிற்றுநர்கள் சொல்வது என்ன? கைகள் தோளுக்குக் கீழே இருக்கட்டும், முழங்கை உடம்பை விட்டு அகல வேண்டாம், கை உயர்ந்து பின்னால் போன நிலையில் அலை அடித்தால் தோள்மூட்டு நழுவிவிடும். மிகச் சரியான எச்சரிக்கை. அரை மணி கழித்து அதே மனிதரிடம் மேல்கையைக் கண் மட்டத்துக்குத் தூக்கு, உடம்பைத் தாண்டிக் குறுக்கே தள்ளு என்கிறார்கள். ஆபத்து வரும்போது ஒரு பழக்கத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள் போலும். அலை முன்கூட்டிச் சீட்டு அனுப்பிவிட்டு வருவதில்லை. ஐந்து மணி நேரம் உயரே போய்ப் பழகிய கை, அந்த நொடியிலும் உயரேதான் இருக்கும்.

அடுத்தது கைகளை மறக்கச் சொல்லும் உபதேசம். முழங்கைகளை மடக்காமல், நீட்டிய கைகளோடு உடம்பை மட்டும் திருப்பி வலிப்பது ஒரு நல்ல பயிற்சி. பத்து நிமிடம் செய்தால் இடுப்பு விழித்துக்கொள்ளும். அதையே நாள் முழுவதுக்குமான விதியாக்கியதுதான் பிழை. தாங்கள் ஆதாரமாகக் காட்டும் காணொளியைத்தான் இவர்கள் முழுதாகப் பார்க்கவில்லை. எந்த ஒலிம்பிக் வீரரும் அலகை நீரிலிருந்து எடுக்கும்போது கீழ்க்கை முழங்கையை மடக்கியே எடுக்கிறார். மடக்காமல் எடுத்தால் கை பின்னால் இழுபட்டு, அலகு நீரை வாரித் தூக்கும். திரும்புகிற உடம்பின் வலுவைத் தண்டு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பவை கைகள்தாம். அவற்றை மறக்கச் சொன்னால், விறைத்த தோளும் இறுகிய பிடியும்தான் மிஞ்சும். கடல் கயாக்காரர்களை வாட்டும் மணிக்கட்டு வீக்கத்துக்கு அந்த இறுகிய பிடி ஒரு முக்கியக் காரணம். மேல்கை விரல்களைத் தளர்த்திவிட்டு உள்ளங்கையால் தண்டைத் தள்ளினால் போதும் என்பதை வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் போகிற போக்கில் சொல்கிறார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டியது அது.

துடுப்பு விஷயத்திலும் ஒரு குளறுபடி. 1980-களின் முற்பாதியில் ஸ்வீடனில் இறக்கைத் துடுப்பு உருவாகி, சில ஆண்டுகளிலேயே பந்தய உலகிலிருந்து தட்டைத் துடுப்பை விரட்டியடித்தது. விமான இறக்கை போல வளைந்த அதன் அலகு நேர்பின்னே போவதில்லை. படகைவிட்டுச் சாய்வாக வெளியே நகரும். அப்படி நகரும்போதுதான் அதன் மேல் ஏறு விசை பிறந்து, வழுக்காமல் பிடித்து நிற்கும். மேல்கை உயரத்தில் குறுக்கே போவதும் அலகு வெளியே விரிவதும் அந்தக் கருவி கேட்கிற பாதை. இன்று தட்டை அலகு வைத்திருப்பவருக்கும் அதே பாதையைக் கற்பிக்கிறார்கள். தட்டை அலகை வெளியே நகர்த்தினால் ஏறு விசை அந்த அளவுக்குப் பிறக்காது. சற்று நடுங்கும், நழுவும், அவ்வளவுதான். கருவி மாறியபின் கருவிக்கான கைப்பழக்கத்தை மட்டும் கடன் வாங்குவது என்ன நியாயம்?

இன்றைய கடல் கயாக்கின் முக்கியமான வேர் ஒன்று கிரீன்லாந்தில் இருக்கிறது. 1959-இல் ஸ்காட்லாந்து மாணவர் கென் டெய்லர் மேற்குக் கிரீன்லாந்தின் இக்லோர்சுயிட் கிராமத்துக்குப் போய், அங்கே கட்டிய ஒரு கயாக்கைக் கொண்டுவந்தார். அதன் வடிவத்தை அடியொற்றிப் பிறந்தது அனஸ் அக்யூட்டா என்னும் புகழ்பெற்ற பிரிட்டிஷ் கயாக். இன்றைய நெடிய, ஒடுங்கிய கடல் கயாக்குகளில் பலவும் அந்த வம்சம். ஆக, படகைக் கிரீன்லாந்திடமிருந்து வாங்கிக்கொண்டோம். அந்தப் படகை ஓட்டிய துடுப்பை விட்டுவிட்டு வந்தோம். பிறகு வேறொரு படகுக்காக வேறொரு நாட்டில் வேறொரு நோக்கத்துக்குச் செய்த வீச்சை அதன்மேல் ஏற்றினோம். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

கிரீன்லாந்துத் துடுப்பை முதல் தடவை பார்க்கிறவர் சிரிப்பார். எட்டு ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நீண்ட மரச்சட்டம். நீளம், விரித்த கைகளின் அளவோடு ஒரு முழம். இதைக் கொண்டு என்ன வலிக்க முடியும் என்று தோன்றும். ஆனால் அலகின் நீளம் 80, 90 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் பரப்பு நவீன அகல அலகுக்கு ஏறக்குறைய சமம். முழு நீளமும் நீருக்குள் மூழ்கினால்தான் அந்தப் பரப்பு பயன்படும். அதனால் வீச்சு தாழ்ந்தே இருக்கிறது. மேல் விளிம்பைச் சற்று முன்னே சாய்த்து இறக்குகிறார்கள். அந்தச் சாய்வில் அலகு சத்தமில்லாமல், காற்றுக் குமிழியை உள்ளே இழுக்காமல் இறங்கி, உடனே பிடிக்கிறது. உடம்பு திரும்புவதோடு சற்று முன்னே குனிந்தும் கொடுக்கிறது. வயிற்றுத் தசையும் வேலைக்கு வருகிறது. மரம் அநேகமாக வளராத நாட்டில், கடல் கொண்டுவந்து ஒதுக்கிய கட்டையிலிருந்து செதுக்கிய கருவி. சீல் வேட்டைக்காரர் அதை வைத்துக்கொண்டு போய், வேட்டையாடி, இழுவைச் சுமையோடு திரும்பி வரவேண்டியிருந்தது. இந்தத் தாழ்ந்த வீச்சை உல்லாசப் பயண வீச்சு என்று கூப்பிட எப்படி வாய் வருகிறதோ தெரியவில்லை. (கிரீன்லாந்துக் குச்சியைச் சாமியாக்கிக் கும்பிடுகிற கூட்டமும் ஒன்று உண்டு. அவர்களோடு எனக்கு வேறு தகராறு.)

சாதனைகளைக் காட்டி வாயடைக்கப் பார்ப்பார்கள். ஃப்ரெயா ஹோஃப்மைஸ்டர் 2009-இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றியது இறக்கைத் துடுப்பால்தானே என்பார்கள். ஆமாம். ஆனால் அதற்கு முன் அந்தக் கண்டத்தைச் சுற்றிய ஒரே ஆள் நியூசிலாந்தின் பால் காஃபின். அவர் 1981, 82-இல் 360 நாளில் முடித்தபோது இறக்கைத் துடுப்பு பந்தயத்துக்கே வந்திருக்கவில்லை. ஃப்ரெயாவோடு 2007-இல் ஐஸ்லாந்தைச் சுற்றி வந்த கிரெக் ஸ்டேமர் கையில் இருந்தது கிரீன்லாந்துக் குச்சி. இன்னும் பின்னே போனால் ஆஸ்கர் ஸ்பெக். 1932-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் மடிப்புக் கயாக்கை இறக்கி, இந்தியக் கரையோரமாகவும் இலங்கை வழியாகவும் வந்து, ஏழாண்டு கழித்து ஆஸ்திரேலியக் கடல் எல்லையை எட்டியவர். அவர் படகு அகலமானது, பாயும் இருந்தது. எனவே அவரை என் கட்சிக்கு முழுச் சாட்சியாக இழுக்க மாட்டேன். இவர்கள் ஒவ்வொருவர் துடுப்பும் வெவ்வேறு. நெடுந்தூரம் ஒரே ஒரு வீச்சுக்குத்தான் வசப்படும் என்று இந்த வரலாற்றிலிருந்து யாரும் படிக்க முடியாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, அப்படியானால் அவரவருக்கு எது வசதியோ அதுவே சரி என்று சாய்ந்து உட்கார்ந்துகொள்பவர்களுக்கும் ஆறுதல் சொல்ல நான் வரவில்லை. முதுகுச் சாய்மானத்தில் சரிந்து, முழங்கால்மேல் தண்டை உரசியபடி, நீரைத் தடவிக்கொண்டு போவது தாழ்ந்த வீச்சு ஆகாது. அது வீச்சே ஆகாது.

சீர்படுத்த வேண்டியது எங்கே இருக்கிறது? அலகு நீரில் இறங்குகிற அந்த ஒரு கணத்தில். துடுப்பு நிமிர்ந்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று கரையிலிருந்து எல்லோருக்கும் தெரியும். அலகு ஊன்றியதா வழுக்கியதா என்பது வலிக்கிறவருக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் பயிற்றுநர்கள் கோணத்தைத் திருத்துகிறார்கள் என்பது என் சந்தேகம். கண்ணுக்குத் தெரிவதைத் திருத்துவது சுலபம். பாதத்தின் அருகே அலகை முழுதும் மூழ்கும்படி இறக்கி, அது நிலைகொள்ளும் வரை இழுக்காமல் இருக்க வேண்டும். பாதி மூழ்கியபோதே இழுத்தால் அலகின் முதுகில் காற்றுக் குழி விழும், சளப்பென்று சத்தம் கேட்கும். வீச்சின் மிக வலுவான பகுதி அங்கேயே செலவாகிப் போகும். நல்ல வீச்சில் அலகு நின்ற இடத்திலேயே நிற்க, படகு அதைக் கடந்து போகிறது என்ற உணர்வு கையில் வரும். இந்த உணர்வு தாழ்ந்த துடுப்பிலும் வரும், நிமிர்ந்ததிலும் வரும். வராமலிருப்பதும் இரண்டிலும் நடக்கும்.

எடுப்பதும் அதே அளவுக்கு முக்கியம். இடுப்பைத் தாண்டி அலகு பின்னே போனால் அது முன்னே தள்ளுவதை நிறுத்திவிட்டு நீரைத் தூக்கத் தொடங்கும். படகின் பின்புறம் கீழே அமுங்கும். நீண்ட வீச்சு நல்லது என்று எண்ணிக்கொண்டு பலர் பின்புறத்தை நீட்டுகிறார்கள். நீட்ட வேண்டிய பக்கம் முன்பக்கம்.

கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம் என்றாலும் செய்ய வேண்டியது எளிது. எந்தப் பக்கம் வலிக்கிறோமோ அந்தப் பக்கக் குதிகாலை மிதிபலகையில் அழுத்த வேண்டும். உடம்பு திருப்பிய விசை படகுக்குள் போய்ச் சேரும் வழி அது. சுக்கான் பொருத்திய பல கயாக்குகளில் மிதியே சறுக்கி நகரும். அழுத்தினால் படகு திரும்பிவிடும். அந்த மிதிகளை வைத்துக்கொண்டு உடல் திருப்பத்தைப் போதிப்பதில் பயனில்லை. அடிப்பாகம் அசையாமல், நுனிவிரலால் மட்டும் சுக்கானைத் திருப்பும் மிதிகள் கிடைக்கின்றன, மாற்றிக்கொள்ள வேண்டும். முதுகுச் சாய்மானத்தைக் கீழிறக்கித் தளர்த்துவது இன்னும் மலிவான திருத்தம். புதிய துடுப்புக்குக் காசு செலவழிப்பதற்கு முன் இந்த இரண்டையும் செய்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

எதிர்காற்றில் என்ன செய்வது என்பதில் மந்திரக்காரர்களின் பதில் எப்போதும் ஒன்றே: இன்னும் வலுவாக, இன்னும் நிமிர்த்தி. சைக்கிளில் மேடு ஏறும்போது கனத்த கியரிலேயே மிதிக்கச் சொல்வது மாதிரி இது. ஒவ்வொரு வீச்சுக்கும் இடையில் காற்று படகை நிறுத்தப் பார்க்கிறது. அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் வழி. வீச்சைக் குட்டையாக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொன்றிலும் விசையைக் குறைக்க வேண்டும். பெரிய அலகு இதற்கு ஒத்துவராது. சற்றுச் சிறியது ஒத்துவரும். பெரிய அலகு வேகம் தரும் என்று கடையில் சொல்லி விற்கிறார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குத் தரும்.

பின்னாலிருந்து அலை வரும் நாளில் இந்த ஒரே சீரான வீச்சு என்னும் கொள்கை முழுக்கவே உடைந்துபோகிறது. அலை பின்புறத்தைத் தூக்கி, அணியம் தாழும் தருணம் ஒன்று வரும். அப்போது மூன்று நான்கு வீச்சு வேகமாகப் போட்டால் படகு அலையின் சரிவில் ஏறி ஓடத் தொடங்கும். பிறகு ஓட்டம் இலவசம். அந்தத் தருணம் தவறி, அலை அடியில் கடந்து போய், அணியம் மேலே எழும்பியபின் எவ்வளவு வலித்தாலும் மேட்டில் தள்ளுகிற வேலைதான். அப்போது கையைத் தளர்த்தி அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். வேல்ஸின் ஆங்கிள்சி தீவின் மேற்குக் கரை போல ஓதநீர் ஆறாகப் பாயும் இடங்களில் காற்றும் ஓட்டமும் எதிரெதிரே மோதும்போது அலைகள் இன்னும் நெருங்கிச் செங்குத்தாகும். அங்கே இந்தக் காத்திருப்பும் பாய்ச்சலும் சில நொடிக்கு ஒருமுறை மாறும். வகுப்பில் மிக அழகாக, கடிகாரம் போல வலித்தவர் இங்கே ஒவ்வொரு அலையையும் கோட்டைவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு வீச்சு தெரியும். எப்போது வீசாமல் இருப்பது என்று யாரும் சொல்லவில்லை.

எதிர்த்தரப்பின் கடைசி வாதம் ஒன்று பாக்கி. தொடங்குகிறவருக்கு ஒரு மாதிரி வேண்டாமா, ஆளுக்கொரு வீச்சு என்றால் எதைக் கற்பிப்பது, எதை வைத்து மதிப்பெண் போடுவது என்று கேட்கிறார்கள். கற்பிக்க நிறைய இருக்கிறது: ஊன்றுவது, எடுப்பது, குதிகால், தளர்ந்த பிடி. கோணத்தை அவருடைய உயரமும் படகின் அகலமும் அன்றைய காற்றும் தீர்மானிக்கட்டும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற தண்டுகள் கடைகளில் இருக்கின்றன. 210 சென்டிமீட்டருக்கும் 225-க்கும் இடையில் அவரே நகர்த்திப் பார்க்கட்டும். மதிப்பெண்ணுக்கும் வழி உண்டு. இப்போது சோதனை காலை பத்து மணிக்கு, துறைமுகச் சுவருக்கு உள்ளே, காலிப் படகில் நடக்கிறது. அதையே மாலை நான்கு மணிக்கு, 25 கிலோமீட்டர் வலித்த கைகளோடு, கூடாரமும் தண்ணீரும் ஏற்றிய படகில், சுவருக்கு வெளியே எதிர்காற்றில் வைக்கட்டும். ஒரு கிலோமீட்டர் போதும். கைக்கடிகாரத்தில் வேகமும் இதயத் துடிப்பும் பதிவாகும்; யார் கை எந்த உயரத்தில் இருந்தது என்று யாரும் எழுதிவைக்க வேண்டியதில்லை. பயிற்றுநரும் அதே வரிசையில் நிற்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.